ஊர் பேரில் ஒரு முகவரி

மோடம் நான்காவது முறையும் கிறீச்சிட்டு, குடத்துக்குள் தவளை விழுந்தது போல ஒரு சத்தம் போட்டு அடங்கியது. காசிம் மேஜையைத் தட்டவில்லை. தட்டினால் அது ரோஷம் கொண்டு அரை மணி நேரம் பேசாது. மறுபடியும் எண்ணை அழுத்தினார்.

“அவங்களுக்கே ரெண்டு எழுத்துதான் போச்சு நைனா,” என்றார் திரும்பாமல்.

பின்னால் நின்றிருந்த வீராசாமி தலையாட்டினார். காவாந்தண்டலத்தில் நாலு ஏக்கர் வைத்திருப்பவர். ஒன்பது நாளாக விடியற்காலையில் சைக்கிள் மிதித்து வந்து இதே இடத்தில் நிற்கிறார். ஒன்பது நாளாக இதே வாக்கியத்தைக் கேட்கிறார். அமெரிக்காவில் முதன்முதலாக இரண்டு கம்ப்யூட்டரை லைன் போட்டு இணைத்த அன்றைக்கு, அனுப்ப நினைத்த சொல்லில் இரண்டு எழுத்து போனதும் மெஷின் படுத்துவிட்டது. இதை எங்கோ படித்ததிலிருந்து அந்த ஆட்களைக் காசிம் தன் பங்காளிகளாகவே எண்ணி வந்தார். லைன் அறுபடும்போதெல்லாம் அவர்களைத் துணைக்குக் கூப்பிடுவார்.

ஐந்தாவது முறை லைன் கிடைத்தது. பக்கம் மேலிருந்து கீழாக, கூரையிலிருந்து கயிற்றில் இறங்குபவனைப் போல, மெதுவாக இறங்கியது.

“பொண்ணுக்கு எதுனா வந்துச்சா பாய்?”

“இல்ல நைனா.”

“கூடப் படிச்ச மலர்க்கொடிக்கு வந்துச்சாம். திங்கக்கெழம இண்டர்வியூவாம்.”

“வந்துகினு கீதுன்னு நெனைக்கிறேன்.”

“அமெரிக்காவுலந்து வந்தா ஒரு நிமிசம்னு சொன்னியே. இது தரமணிலந்து வரணும்.”

வீராசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார். சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் காசிம் அந்தச் சிவப்புப் பட்டையைப் படித்தார். பக்கத்தின் உச்சியில் ஒன்பது நாளாக அது மினுக்கிக்கொண்டு இருந்தது. பக்கத்திலேயே மயிர் கொட்டாமல் இருக்கத் தைலம், தீவுக்குப் போக டிக்கெட் என்று வேறு பட்டைகளும் மினுக்கியதால் இதையும் விளம்பரம் என்றே நினைத்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது. வரும் கடிதங்கள் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன.

ஒன்பது நாளாக ஊரில் யாருக்கும் கடிதம் இல்லை. எழுத விஷயம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று முந்தின நாள்தான் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

வெளியே சைக்கிள் மணி ஒருமுறை அடித்தது. கூப்பிடாமல் விட்டிருக்கலாம். காசிம் எழுந்து வாசலுக்குப் போனார்.

“நைனா. உள்ள வா. ஒரு தப்பு நடந்து போச்சு.”

*

அது காசிமின் அப்பா அஹமது பாட்சா குடையும் டார்ச் லைட்டும் விற்ற கடை. அவர் போன பிறகு காசிம் குடைகளைப் பின்னுக்குத் தள்ளி எஸ்.டி.டி. பூத் வைத்தார். பூத்தை ஒதுக்கி ஜெராக்ஸ் வைத்தார். தொண்ணூற்று ஒன்பதில் ஜெராக்ஸையும் கொஞ்சம் நகர்த்திக் கம்ப்யூட்டர் வைத்தார். எதையும் தூக்கிப் போடவில்லை. குடை கேட்டால் அப்போதும் எடுத்துக் கொடுப்பார்.

கிண்டியில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து வந்த மெஷின் அது. மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். “டிவியா பாய்?” என்று கண்டக்டர் கேட்டார். “இல்ல. தபால் பெட்டி,” என்றார் காசிம். மெஷினில் ஃப்ளாப்பி போடும் வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. அதில் பேனா வைத்தார். உள்ளே எதையாவது சேமித்து வைக்கப் போனால் இடமில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். வரும் கடிதத்தைப் பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். இரண்டும் போதும் என்று காசிம் திருப்திப்பட்டார்.

முகவரியைத் திருவல்லிக்கேணியில் அவருடைய அக்கா மகன் நவாஸ் போட்டுக் கொடுத்தான். அவன் அங்கே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான்.

“பேரு சொல்லு மாமா.”

“உத்திரமேரூர்.”

“ஊரு இல்ல. உன் பேரு.”

“என் பேருக்கு எவன் எழுதப் போறான்? ஊர் பேரையே போடு.”

நவாஸ் போட்டான். அடுத்த கட்டத்தில் பிறந்த தேதி கேட்டது. ஆயிரம் வருஷத்துக்கு மேலே ஆகிறது, கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றார் காசிம். அந்தக் கட்டம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குக் கீழே இறங்க மறுத்தது. சரி, ஆயிரத்துத் தொள்ளாயிரம், ஜனவரி ஒன்று. பிறகு ஆணா பெண்ணா என்று கேட்டது.

“ஊருன்னா பொம்பளதான்,” என்றார் காசிம், யோசிக்காமல்.

ஆக, அமெரிக்கக் கம்பெனியின் பதிவேட்டில் உத்திரமேரூர் நூறு வயதுக் கிழவி. தோல் சுருக்கத்துக்குக் களிம்பு வேண்டுமா என்று மாதம் இரண்டு கடிதம் அவளுக்கு வந்தது. புத்தாண்டு அன்று பிறந்தநாள் வாழ்த்தும் வந்தது. காசிம் அதைப் பிரிண்ட் எடுத்துப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். ரசீது தரவில்லை.

வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லாம் அந்த ஒரே முகவரிக்கு எழுதினார்கள். தலைப்பில் அப்பா பெயரும் தெருப் பெயரும் இருக்க வேண்டும் என்பது காசிமின் சட்டம். காலை ஆறு மணிக்குப் பெட்டியைத் திறப்பார். பிரிண்ட் எடுத்து மடித்து டி.வி.எஸ். ஃபிப்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவார். அழ வேண்டிய இடம் வந்தால் கொஞ்சம் நிறுத்துவார். இன்னொரு சட்டமும் இருந்தது: வந்த கடிதம் எதையும் அழிப்பதில்லை. இருசப்பன் என்று ஒருவர், பினாங்கில் இருக்கும் தம்பி வரப்பு வேப்பமரம் அண்ணனுக்கே சொந்தம் என்று ஒப்புக்கொண்ட கடிதத்தை, மாதம் ஒரு தடவை வந்து திரையில் பார்த்துவிட்டுப் போவார். கையில் பிரிண்ட் இருந்தது. ஆனாலும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

இதையெல்லாம் கேள்விப்பட்டுக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு நிருபர் வந்து போனார். பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் கால் பக்கம் வந்தது. மானிட்டர் மேல், மாட்டின் முதுகில் வைப்பது போலக் கை வைத்துக் காசிம் நிற்கும் படம். ‘உத்திரமேரூருக்கு இணையத்தைக் கொண்டு வந்தவர்’ என்று தலைப்பு. வீட்டில் வாங்கிய ஒரே பிரதியில் மனைவி ரோஷன் பீவி விவரம் தெரியாமல் வடகம் பிழிந்து மாடியில் காய வைத்துவிட்டாள். உரித்து எடுத்ததில் படம் பாதி வடகத்தோடு வந்தது. பிறகு சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரன் தாமோதரன் எங்கோ ஒரு பிரதியைப் பிடித்து, ஸ்கேன் செய்து, மெயிலில் அனுப்பி வைத்தான். கடைக்கு யார் வந்தாலும் காசிம் ஒருமுறை அதைத் திறந்து காட்டுவார். பிரிண்ட் எடுத்துப் பார்த்தார். அடுப்புக்கரியில் வரைந்த கரடி போல வந்தது. எனவே அது பெட்டிக்குள்ளேயே இருந்தது.

*

“பெட்டி ரெண்டு எம்.பி.தான் மாமா,” என்றான் நவாஸ் ஃபோனில். “ரொம்பிட்டா அவ்ளோதான். எதுனா அழி.”

“வேற வழி?”

“பாஸ்வேர்டு குடு. நான் இங்க ஃப்ளாப்பில எடுத்து வெச்சிட்டு அழிச்சிடறேன்.”

“ஊரு பொம்பளைங்க புருசனுக்கு எழுதின கடுதாசிக்கெல்லாம் பதில் கீது அதுல. சாவிய எப்பிடிடா உங்கிட்ட குடுப்பேன்?”

“அப்போ நீயே எதுனா பண்ணு,” என்று நவாஸ் வைத்துவிட்டான்.

வீராசாமி ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பற்ற வைக்காமல் கையில் உருட்டிக்கொண்டு இருந்தார். எம்.பி., கே.பி. என்று சொல்லி அவரிடம் விளங்க வைக்க முடியாது என்று காசிமுக்குத் தெரியும்.

“ஏரி ரொம்பிச்சி நைனா. வர்ற தண்ணி கலங்கல்ல வயிஞ்சி வந்த வழியே போவுது.”

வீராசாமிக்கு உடனே விளங்கியது. “ஒம்போது நாளா வயியுதா?”

“ஒம்போது நாளா.”

“நீ மடையாண்ட ஒக்காந்துகினு இன்னா பண்ணிகினு இருந்த?”

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் காசிம் தாங்கியிருப்பார். வீராசாமி உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

எட்டு மணி பஸ்ஸில் வீராசாமியின் மகள் ஜெயப்பிரியா வந்து இறங்கினாள். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கையில் ஃபைல். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். ஒன்பதரைக்கு அந்தத் தரமணிக் கம்பெனிக்குப் பூத்திலிருந்து ஃபோன் போட்டாள். கண்ணாடிக் கதவுக்குள் அவள் வாய் அசைவதை இரண்டு ஆண்களும் மீன் தொட்டி பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

“ரெண்டு தபா அனுப்பினாங்களாம். ரெண்டு தபாவும் திரும்பிடுச்சாம்,” என்றாள் வெளியே வந்து. “இன்னிக்கி சாய்ந்தரம் அஞ்சு மணிக்கு இன்னொரு வாட்டி அனுப்புவாங்களாம். அதுவும் திரும்பினா லிஸ்ட்ல அடுத்த பேரு.”

“ஃபேக்ஸ்ல அனுப்பச் சொல்றதுதானே?”

“கேட்டேன் பாய் மாமா. கம்ப்யூட்டர் வேலைக்கு வர்றவங்க கம்ப்யூட்டர்லதான் வாங்கணுமாம். வேற அட்ரஸும் ஒத்துக்க மாட்டாங்களாம். பதிஞ்சது எதுவோ அதுக்குத்தான்.”

“எவ்ளோ பெரிய கடுதாசி?”

“ஃபாரம் ஒண்ணு சேத்து வரும். தொண்ணூறு கே.பி. இருக்கும்.”

வீராசாமி எழுந்தார். “ஏரி ரொம்பினா தூர் வார்றோம் இல்ல? வூட்டுக்கு ஒரு கூடை. பேரு எழுதிக் குடு பாய். நான் போயி கேக்கறேன்.”

காசிம் முப்பத்தொரு வீட்டின் பெயரை எழுதிக் கொடுத்தார். வீராசாமி சைக்கிளில் போனார். வாசலில் நின்று விஷயத்தைச் சொல்லி, வீட்டுக்கு ஒரு பழைய கடிதத்தை அழிக்கச் சம்மதம் கேட்டார். பிள்ளைக்கு வேலை என்றதும் யாரும் முடியாது என்று சொல்லவில்லை. எந்தக் கடிதம் என்பதில்தான் நேரம் போனது. ஒரு வீட்டில் மாமியார் யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியதை மருமகள் உடனே கொடுத்தாள். இன்னொரு வீட்டில் மச்சான் பணம் அனுப்புவதாகச் சொன்ன கடிதத்தைக் கொடுத்து, “அது பொய்யி, அத்த மொதல்ல அழி,” என்றார்கள். ஒருவர் இதற்கும் பானையில் சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கி எடுக்கலாம் என்றார். ஊரில் எந்தத் தகராறுக்கும் இதை யாராவது ஒருவர் சொல்வது வழக்கம். யாரும் கேட்பதில்லை என்பதும் வழக்கம்.

இருசப்பன் தானே கடைக்கு வந்துவிட்டார்.

“வேப்பமரத்த தொடாத பாய். வேணும்னா அவன் என்ன பினாங்குக்கு வரச் சொல்லி எழுதினான் பாரு, அத எடுத்துக்க. எப்பிடியும் நான் போவப் போறதில்ல.”

பகல் பன்னிரண்டு மணிக்கு, கிழவிக்கு வந்த களிம்புக் கடிதங்களையும் சேர்த்து, நாற்பத்து நாலு கடிதம் சேர்ந்தது. காசிம் ஒவ்வொன்றாக அழித்தார். ஒவ்வொன்றுக்கும் நிச்சயமாகவா என்று மெஷின் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

“எவ்ளோ ஆச்சி?” என்றார் வீராசாமி, சட்டையெல்லாம் நனைந்து.

ஜெயப்பிரியா கூட்டிப் பார்த்தாள். “முப்பத்தெட்டு கே.பி.”

“முப்பத்தோரு வூடுடி.”

“எழுத்துக்கு எடமே தேவையில்லப்பா. போட்டோதான் எடத்த அடைக்குது.” திரையைக் காட்டினாள். “தோ பாரு. மோகன் அண்ணன் போட்டோ பதினொண்ணு. ஒண்ணு ஒண்ணும் நூத்தம்பது.”

மோகன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறவன். வாரம் ஒரு படம் அனுப்புவான். எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு காரின் மேல் சாய்ந்துகொண்டு நிற்பான். எந்தக் காரும் அவனுடையது அல்ல. யாருடையது என்று அவனுக்கும் தெரியாது. அவன் மனைவி ஆதிலட்சுமி தினமும் இரண்டு மணிக்கு வந்து பதினொன்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டுப் போவாள்.

“நாலு தலைமுறை வரப்புச் சண்டை ஆறு கே.பி.,” என்றார் காசிம். “காரு மேல சாஞ்சிகினு நிக்கறது நூத்தம்பது. இன்னா கணக்கு இது.”

*

ஆதிலட்சுமி பட்டாளம்மன் கோயில் தெருவில் ஜாக்கெட் தைக்கிறவள். காசிம் போனபோது காஜா எடுத்துக்கொண்டு இருந்தாள்.

“ஒண்ணே ஒண்ணும்மா. பதினொண்ணுல ஒண்ணு. ஒரு பொண்ணோட வேல.”

“வெள்ளிக்கெழம அதுவுமா பாய்? அவரு போட்டாவ அழிக்கவா?”

“பத்து இருக்குமே.”

“மனுசன் ஒருத்தர்தானே. தெனமும் அவ்ளோ ஒசரத்துல ஏர்றாரு. இன்னிக்கி நீ இங்க அழி, அங்க ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? நீயா?”

அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.

“பாய், ஆடிப் பதினெட்டுக்கு தாலிக் கயிறு மாத்தறோமே, எப்பிடி மாத்தறோம்? பழச கய்ட்டிட்டா புதுச போடறோம்?”

“எனக்கு எப்பிடிம்மா தெரியும்?”

“ரோஷன் அக்காவ கேளு, சொல்வாங்க. புதுசு கழுத்துல ஏறணும். அப்பாலதான் பழசு எறங்கும். நடுவுல ஒரு நிமிசம் கழுத்து சும்மா இருக்கக் கூடாது.”

“இது கயிறு இல்லம்மா. வெள்ளக் காரு.”

“சாஞ்சிகினு நிக்கறது யாரு?”

காசிம் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்தார்.

“புது போட்டா வரட்டும். வந்த ஒடனே பழசு ஒண்ண எடுத்துக்க. நான் வாணாம்னு சொல்லல.”

“பெட்டி ரொம்பி கீதும்மா. பழசு போனாத்தான் புதுசு வரும்.”

“அது உன் பெட்டி பாய். அதுக்கு நீதான் வழி பாக்கணும்.”

அவள் பேச்சில் எங்கே ஓட்டை என்று காசிம் பள்ளிவாசல் போகும் வழியெல்லாம் தேடினார். ஜும்மா தொழுகையிலும் தேடினார். அதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். ஓட்டை எதுவும் இல்லை.

சாப்பிடும்போது ரோஷன் பீவி சொன்னாள்: “அவ சொல்றது சரிதாங்க. அப்பிடித்தான் மாத்துவாங்க. நானே பாத்திருக்கேன்.”

“நீயுமா?”

“ஊருக்கெல்லாம் பெட்டி வெச்சிங்க. ரொம்பினா இன்னா பண்றதுன்னு கேட்டு வெச்சிங்களா? சோத்துல கை வெச்சிகினு இன்னா ரோசன?”

காசிம் யோசித்துக்கொண்டு இருந்தது வேறு. காலையிலிருந்து திரையில் ஒரு வரியின் மேல் அவர் கண் நிற்காமல் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நிற்க வேண்டாம் என்று அவர் கண்ணுக்குச் சொல்லியிருந்தார்.

மூன்று மணிக்குக் கடைக்குத் திரும்பியபோது ஜெயப்பிரியா அந்த வரியில்தான் நின்றுகொண்டு இருந்தாள்.

“பாய் மாமா, பெருசு மொத்தம் பன்னண்டு கீது. பதினொண்ணு மோகன் அண்ணனோடது. இது யாரோடது? நூத்தி எண்பது.”

“அது ஊரோடது,” என்றார் காசிம்.

“ஊரோடதா?”

அவள் அதைத் தட்டினாள். படம் மேலிருந்து இறங்கத் தொடங்கியது. முதலில் தலைப்பு. பிறகு கடையின் பெயர்ப் பலகை. பிறகு காசிமின் தலைமயிர், வகிடு. நெற்றி வர ஒரு நிமிடம் ஆனது. வீராசாமி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து நின்றார். கண்கள் வந்தன. மூக்கு. மீசையின் ஒரு பக்கம். லைன் கொஞ்சம் தயங்கி, மறு பக்கம்.

ஜெயப்பிரியாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூடிவிடக் கையை எடுத்தாள்.

“இரு,” என்றார் காசிம். “முழுசா வரட்டும்.”

மூன்று பேரும் காத்திருந்தார்கள். சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றாக வந்தது. மானிட்டர் மேல் வைத்த கை வந்தது. கடைசியில் நிருபரின் பெயர் வந்தது.

“வாணாம் பாய்,” என்றார் வீராசாமி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. “வேற வழி பாக்கலாம்.”

“வேற வழி இன்னா கீது நைனா.”

“அதுவும் செரிதான்,” என்றார் வீராசாமி, கொஞ்சம் வேகமாக.

நிச்சயமாகவா என்று மெஷின் கேட்டது. காலையிலிருந்து நாற்பத்து நாலு முறை சொன்ன பதில்தான். இந்த முறை விரல் வர நேரமானது. அழுத்தினார். கடிதம் போய்விட்டது. சிவப்புப் பட்டை போகவில்லை.

நவாஸுக்கு ஃபோன் போட்டார். “அழிச்சது குப்பத் தொட்டில கெடக்கும் மாமா. அதுவும் பெட்டிக்குள்ளதான் கீது. தொட்டிய கொட்டினாத்தான் எடம் வரும்.”

குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தார். இருசப்பனின் பினாங்கு அழைப்பும், பணம் அனுப்புவதாகச் சொன்ன மச்சானும், தோல் சுருக்கக் களிம்பும் கிடந்தன. மேலே, கடைசியாக வந்த மரியாதையில், ‘உத்திரமேரூருக்கு இணையத்தைக் கொண்டு வந்தவர்’ கிடந்தார். காசிம் தொட்டியைக் கொட்டினார்.

சிவப்புப் பட்டை மறைந்தது. மணி நாலு பத்து.

*

நாலு இருபத்தைந்துக்குப் புதிய கடிதம் ஒன்று என்று காட்டியது.

மூன்று தலைகளும் திரையை மறைத்தன. படம் இறங்கத் தொடங்கியது. முதலில் வானம். பிறகு ஒரு கட்டடத்தின் உச்சி. பிறகு மோகனின் தலை.

“இவன் எங்க வந்தான்?” என்றார் வீராசாமி.

மோகன் முழுதாக வந்து சேர்ந்தான். இந்த முறை சிவப்புக் கார். நூற்று எழுபது கே.பி. உச்சியில் பட்டை மறுபடி மினுக்கியது. முப்பத்தொரு வீட்டுத் தூரையும் காசிமின் கால் பக்கத்தையும் சேர்த்து எடுத்ததில் மிச்சம் ஐம்பது கே.பி. கூட இல்லை.

வீராசாமி படத்தை வெகுநேரம் பார்த்தார். “அந்த ஊர்ல எவனும் கார ஓட்டவே மாட்டானா? எல்லாத்தயும் நிறுத்தி வெச்சிட்டு எங்க போறானுங்க?”

வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் லீவு. படத்தின் கீழே மோகன் எழுதியிருந்தான்: போன வாரத்திலிருந்து அனுப்பியது எல்லாம் திரும்பி வருகிறது, இன்று காலையிலிருந்து இது நாலாவது தடவை, காசிம் பாய் உடம்பு நன்றாக இருக்கிறதா, கடையை மூடிவிட்டார்களா.

காசிம் நாற்காலியில் சரிந்தார். உடனே நிமிர்ந்தார். புதுசு வந்துவிட்டது.

“நைனா, சைக்கிள எடு. ஆதிலட்சுமிய ஒக்கார வெச்சி இட்டுகினு வா. புதுசு ஏறிடுச்சின்னு சொல்லு. அவங்களுக்குப் புரியும்.”

நாலு நாற்பதுக்கு ஆதிலட்சுமி வந்தாள், கழுத்தில் இஞ்ச் டேப்போடு. கூடவே ரோஷன் பீவியும் வந்தாள். இப்படி ஒன்றை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. ஆதிலட்சுமி புதிய படத்தை அவசரமில்லாமல் பார்த்தாள். வீராசாமி தொண்டையைச் செருமினார். அவள் திரும்பவில்லை.

“எளச்சி கீறாரு,” என்றாள் ரோஷன் பீவியிடம்.

“காரு பெருசா கீது. அதனால அப்பிடித் தெரியுது.”

“ஆங், இருக்கும்.” பிறகு காசிமிடம், “எது மொத மொத வந்துச்சோ அத எடு பாய். நானே அழிக்கிறேன். வெளக்கு வெக்கறதுக்குள்ள ஆவட்டும்.”

கிழக்கே பார்த்து நின்றுதான் அழிப்பேன் என்றாள். மெஷின் மேற்குச் சுவரோடு ஒட்டியிருந்தது; அதன் முன்னால் நின்றால் மேற்கேதான் பார்க்க வேண்டும். திருப்பினால் மோடம் ஒயர் எட்டாது. ஜெயப்பிரியா கீபோர்டை மட்டும் தூக்கி, ஆதிலட்சுமியின் முன்னால் தாம்பாளம் போலப் பிடித்துக்கொண்டாள். ஆதிலட்சுமி திரைக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து நின்றாள். காசிம் திரையைப் பார்த்து, “இப்ப,” என்றார். அவள் அழுத்தினாள். தெருவில் போன இரண்டு பேர் தங்களைத்தான் பார்க்கிறாளோ என்று நின்றார்கள்.

“இன்னொரு வாட்டி,” என்றார் காசிம். “குப்பையையும் கொட்டணும்.”

“ரெண்டு வாட்டியா?”

“ரெண்டு வாட்டிதாம்மா. எனக்கும் அப்பிடித்தான்.”

அவள் தாலியை ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி அழுத்தினாள். மணி நாலு ஐம்பத்தெட்டு. பட்டை போனது. கூடவே லைனும் போனது.

மோடம் கிறீச்சிட்டது. படுத்தது. மறுபடி கிறீச்சிட்டது. ஜெயப்பிரியா கீபோர்டைக் கீழே வைக்க மறந்து நின்றாள். காசிமின் கழுத்து வேர்த்திருந்தது. மூன்றாவது முறையும் லைன் அறுந்தது.

“அவங்களுக்கே ரெண்டு எழுத்துதான் போச்சி பாய்,” என்றார் வீராசாமி.

ஐந்து பன்னிரண்டுக்கு லைன் கிடைத்தது. பெட்டியில் ஒன்று இருந்தது. ஐந்து மணி மூன்று நிமிடத்துக்கே வந்து படுத்திருந்தது. தலைப்பில் வீராசாமி மகள் ஜெயப்பிரியா, காவாந்தண்டலம் என்று சட்டப்படி எழுதியிருந்தது. எண்பத்தெட்டு கே.பி. பிரிண்டர் கரகரவென்று நான்கு பக்கம் அடித்து முடிக்கும் வரை ஜெயப்பிரியா காகிதத்தின் முனையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். திங்கட்கிழமை ஒன்பதரை மணி. ஃபாரத்தை நிரப்பி எடுத்து வர வேண்டும். அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள்.

வீராசாமி பீடியைப் பற்ற வைத்தார்.

“படிச்சாச்சு இல்ல? அழிச்சிடு பாய். எடத்த அடைக்க வாணாம்.”

“இருக்கட்டும் நைனா. திங்கக்கெழம வரைக்கும் இருக்கட்டும்.”

ஆதிலட்சுமி அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து சிவப்புக் காரை மறுபடி திறந்துகொண்டு இருந்தாள்.

*

மறுநாள் சனிக்கிழமை. காசிம் ஆறு மணிக்குக் கடையைத் திறந்தார். லைன் இரண்டாவது முறையில் கிடைத்தது. புதிய கடிதங்கள் ஐந்து. எல்லாம் எழுத்து, படம் எதுவும் இல்லை. நான்கைப் பிரிண்ட் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஐந்தாவது களிம்புக் கடிதம். அதை அழித்தார், தொட்டியையும் கொட்டினார். ஜெயப்பிரியா ஏழு பத்து பஸ்ஸில் காஞ்சிபுரம் போய் சர்டிஃபிகேட்டுகளுக்குக் கையெழுத்து வாங்கி வந்தாள். வீராசாமி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார். பதினொரு மணிக்குத் தூறல் போட்டது. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் குடை வாங்கிக்கொண்டு போனார்.